கிழக்கே கல் இல்லை

மணல்மேட்டுக்குப்பத்தில் மணலும் கிடையாது, மேடும் கிடையாது. குருசுக்குப்பத்தைத் தாண்டி வடக்கே போனால், கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவில் அரசாங்கம் கொட்டிவைத்த கருங்கல்தான் குவிந்து கிடக்கும். ஒரு காலத்தில் அங்கே வலை உலர்ந்தது, கருவாடு காய்ந்தது, கபடி நடந்தது. எல்லாவற்றையும் கடல் தின்றுவிட்டது. ஊர்ப் பெயரை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. படகை இறக்கவும் ஏற்றவும் கற்களுக்கு நடுவே ஒரே ஒரு சந்து உண்டு. அதற்கு ஊரார் வைத்த பெயர் வாசல்.

அந்த வாசலுக்கு நேர் எதிர் வீடு அஞ்சலாட்சியுடையது. மீன் விற்கிறவள். முத்தியால்பேட்டைத் தெருக்களில் அவள் "மீனே" என்று ஒரு குரல் கொடுத்தால் மாடி வீட்டுக்காரர்கள்கூடப் பாத்திரத்தோடு இறங்கி வருவார்கள். இறங்காவிட்டால் இன்னொரு குரல் கொடுப்பாளே என்ற பயம்.

வைகாசி மாதம். மீன்பிடித் தடைக்காலம் வேறு. பெரிய படகெல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. கத்திரி வெயிலில் கருங்கல்லைத் தொட்டால் கை பொத்துப்போகும். அஞ்சலாட்சி வாசற்படியில் உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டைப் பொறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தாள். திரௌபதி அம்மன் தீமிதிக்குக் காப்பு கட்டிய வீட்டில் மீன் சமைக்கக் கூடாது, தின்னக் கூடாது. விற்கலாமா என்று பூசாரியிடம் அவள் கேட்கவே இல்லை. கேட்டால்தானே கூடாது என்பார்.

உள்ளேயிருந்து மகள் துர்கா கைப்பேசியோடு வந்து நின்றாள்.

"இன்னாடி, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது?"

"பரீட்சைத் தேதி வந்துட்டுதும்மா."

"வரட்டுமே. எங்க போட்டிருக்கான்? போன வருசம் மாதிரி கண்காணாத ஊர்லயா?"

"இல்ல. காலாப்பட்டுலதான். கடலோரத்துல ஒரு காலேஜு."

"அட, எங்க அம்மா வூட்டுக்குப் போற வழி! அப்புறம் ஏன் இப்பிடி நிக்கற?"

"வெள்ளிக்கெழமம்மா. தீமிதி அன்னிக்குக் காலையில."

அஞ்சலாட்சியின் கண் மகளின் இடது மணிக்கட்டுக்குப் போனது. மஞ்சள் நனைத்த துணியில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கை முடிந்து கட்டிய காப்பு. கட்டிய நாள் முதல் செருப்புப் போடக் கூடாது, மீன் கூடாது, தீமிதிக்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தெற்கே வாய்க்காலோரம் ஒரு கல், மேற்கே பெரிய ரோட்டோரம் ஒரு கல், வடக்கே சுடுகாட்டோரம் ஒரு கல். மூன்றுக்கும் மஞ்சள் பூசிப் பூ சுற்றியாகிவிட்டது. காலாப்பட்டு வடக்குக் கல்லுக்கு அந்தப் பக்கம், வெகுதூரத்தில் இருந்தது.

"இதக் கட்டினது யாரும்மா?" என்றாள் துர்கா.

"நான்தான்."

"யாரக் கேட்டு?"

"ஆத்தாளக் கேட்டு," என்றாள் அஞ்சலாட்சி. குரல் முதல் முறையாக இறங்கியது.

காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர, நாடு முழுக்க எல்லாப் பிள்ளைகளும் எழுதுகிற ஒரே நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் துர்கா பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். அந்த மதிப்பெண்ணை அங்கே யாரும் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். போன வருஷம் திருவண்ணாமலைப் பக்கம் மையம் போட்டார்கள். திண்டிவனம் தாண்டிப் பஸ் பழுதாகி நின்றது. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது கேட்டை மூடிவிட்டார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு மகள் நின்ற நிலையை அஞ்சலாட்சி இன்னும் மறக்கவில்லை. அப்புறம் ஒரு வருஷம் நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை. உட்காரக் கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். இந்த வருஷமும் போனால் திரும்ப அந்தக் கடைதான். அதனால்தான் மகள் பாஸானால் பூமிதிக்க வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்டவள் பாஸாகும்வரை பொறுத்தாளா? முன்கூட்டியே காணிக்கை செலுத்தினால் அம்மன் மறுக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டு இந்த வருஷமே கட்டிவிட்டாள். பரீட்சைக்காகக் கட்டிய காப்பு பரீட்சைக்கே போகவிடாமல் கட்டிப்போட்டுவிட்டது.

"கத்திரிக்கோல எடுத்துட்டு வா," என்றாள்.

"வெட்ட மாட்டேம்மா."

"ஏன்டி?"

"வெட்டிட்டுப் போயி சீட்டு வாங்கினா, காப்ப அறுத்துட்டுப் போனவன்னு ஆயுசுக்கும் சொல்வாங்க. கடல்ல எவனுக்கு இன்னா ஆனாலும் அப்பா தலையில கட்டுவாங்க. அடுத்து எந்த வூட்லயும் பொண்ண படிக்க விட மாட்டாங்க. காப்பையும் அவுக்க மாட்டேன், பரீட்சையையும் விட மாட்டேன்."

"ரெண்டும் எப்பிடிடி நடக்கும்?"

"தெரியல. ஆனா விட மாட்டேன்."

வலை பொத்திக்கொண்டிருந்த பலராமன் ஊசியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். துர்காவின் அப்பா. பேச்சென்றால் எண்ணி எண்ணிப் பேசுகிறவர். "ஊரப் பகைச்சிக்கினு ஒண்ணும் வாணாம் அஞ்சல. அடுத்த வருசம் எழுதட்டும்."

"அடுத்த வருசம் எழுதட்டும்னு போன வருசமும் இதே எடத்துல உக்காந்துதான் சொன்ன."

பலராமன் ஊசியை மறுபடி எடுத்துக்கொண்டார்.

பேச்சு தெருவுக்குக் கேட்டிருக்க வேண்டும். அஞ்சலாட்சி வீட்டுப் பேச்சு தெருவுக்குக் கேட்காமல் இருந்ததும் இல்லை. சொல்தா வீட்டு தேவதாஸ் படியேறி வந்தார். அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். இவர் பாரீஸில் ஒரு ஓட்டலில் வேலை பார்த்துக்கொண்டு, தீமிதிக்கு மட்டும் வருஷம் தவறாமல் வந்துவிடுவார். அரைக்கால் சட்டையும் வியர்வையுமாக வந்து உட்கார்ந்தார்.

"அங்க இந்தத் தொல்லையே கெடையாதுக்கா. எம் பொண்ணு பள்ளிக்கூடத்துக் கடசிப் பரீட்ச பாஸ் பண்ணா, நேரா ஃபாக்குக்குப் போயிட்டா." ஃபாக் என்றால் அவர் பாஷையில் பல்கலைக்கழகம்.

"அப்ப துர்காவையும் கூட்டிக்கினு போயேன்பா."

தேவதாஸ் கழுத்தைச் சொறிந்தார். "வெளிநாட்டுப் பிள்ளைங்கன்னா பிரெஞ்சு பரீட்ச ஒண்ணு எழுதணும். பேசச் சொல்வான், எழுதச் சொல்வான், காதால கேட்டுப் பதில் சொல்லச் சொல்வான். இங்கிலீஷ்காரன் ஊருன்னா அதுக்கு ஒண்ணு. அமெரிக்கான்னா அதுக்கு வேற ஒண்ணு."

"அப்ப கேட்டு இல்லாத ஊரே இல்லன்னு சொல்லு."

"இல்லக்கா."

"இருக்கட்டும். எம் மவளுக்கு மட்டும் கேட்டுக்குப் போற வழியிலயே இன்னொரு கேட்டு வெச்சிருக்காங்க பாரு. அதச் சொல்லு."

அன்று மத்தியானம் பச்சரிசிச் சோறும் மோரும் மாங்காய் ஊறுகாயும். பக்கத்து வீட்டில் எவளோ கருவாடு வறுத்தாள். அந்த வாசனை வந்த திசையைப் பார்த்து அஞ்சலாட்சி இரண்டு திட்டுத் திட்டிவிட்டுச் சாப்பிட்டு முடித்தாள். கை கழுவியதும் கோயிலுக்கு நடந்தாள்.

பூசாரி சாமிக்கண்ணு கரகத்துக்கு வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார்.

"பூசாரி, அவ கைய அவுத்து எங் கையில கட்டு. நான் மிதிக்கறேன்."

"பாத்திரம் மாத்துற மாதிரி மாத்த முடியாது அஞ்சலாட்சி. ஆத்தாளுக்குன்னு ஒருத்தியக் கொடுத்தா, அவதான்."

"ஆத்தாளும் பொம்பளதானே. அவளுக்குப் புரியாதா?"

"அவளுக்குப் புரியும். நாட்டாருக்குப் புரியணுமே," என்று சாமிக்கண்ணு குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஊர்ப் பஞ்சாயத்தின் தலைவரைத்தான் நாட்டார் என்றார். ஊரில் யார் கல்யாணம், யார் படகு, யார் சண்டை என்றாலும் ஜானகிராமன் வாயிலிருந்து வருவதுதான் முடிவு.

சாயங்காலம் கோயில் பந்தலில் ஆண்கள் கூடினார்கள். தீமிதிக்கு விறகு வாங்குவதைப் பற்றிய கூட்டம். பெண்கள் தூரத்தில் நின்று கேட்கலாம், நடுவில் வந்து பேசுகிற வழக்கமில்லை. அஞ்சலாட்சி நடுவில் வந்து நின்றாள். பின்னால் துர்கா. பலராமன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல அண்ணாந்து பார்த்தார்.

நாட்டார் ஜானகிராமன் விஷயத்தை முழுக்கக் கேட்டார். நரைத்த மீசையைத் தடவினார்.

"பொண்ணு படிக்கறத வாணாம்னு சொல்ல நான் யாரு? ஆனா காப்பு கட்டினவ எல்லைய தாண்டினா ஊர் தீமிதி கெட்டுது. எரநூறு வீடு இதுக்கு வெரதம் இருக்குது. ஒரு பரீட்சைக்காக ஊரக் கெடுப்பியா?"

"கெடுக்க மாட்டேன் மாமா. ஒண்ணு கேட்டுக்கறேன். ஊர் எல்லைக்கு எத்தினி கல்லு?"

"மூணு. உனக்குத் தெரியாதா?"

"தெக்க, மேக்க, வடக்க. கெழக்க?"

"கெழக்க கடலு. கடல்ல எவன் கல்லு நடுவான்?"

பந்தலில் சிரிப்பு எழுந்தது. அஞ்சலாட்சியும் கூடவே சிரித்தாள்.

"அதத்தான் நானும் கேக்கறேன். கெழக்க எல்லையே இல்ல. அப்ப எம் மவ படகுல ஏறிக் கடல் வழியாப் போனா எந்தக் கல்ல தாண்டுறா?"

சிரிப்பு நின்றது. ஒரு கிழவர் "அட" என்றார்.

ஜானகிராமன் சுதாரித்துக்கொண்டார். "கடல்ல போவலாம். கரையேறக் கூடாது. காப்போட வேத்தூரு மண்ண மிதிச்சா அது தாண்டினதுதான்."

"அப்ப நீங்க தாண்டினீங்களே மாமா?"

"இன்னா?"

"இந்தத் தடைக்காலமெல்லாம் வராத முன்ன. காப்போட கடலுக்குப் போனீங்க. எஞ்சின் நின்னு, காத்துத் தள்ளிக்கினு போயி, எங்க கனகசெட்டிக்குளத்துல கரையேறினீங்க. நான் அப்ப கல்யாணம் ஆவாத பொண்ணு. எங்க வூட்டுத் தாழ்வாரத்துலதான் ராத்திரி படுத்தீங்க. கையில மஞ்சத் துணி இருந்திச்சி. மறுநாள் ஊருக்கு வந்து பூவும் மிதிச்சீங்க. ஊரு கெட்டுதா?"

"அது ஆபத்துக்கு ஏறினது."

"இவளுக்கும் ஆபத்துதான். கடல்ல போறவனுக்கு மட்டுந்தான் ஆபத்து வருமா? அந்தக் கடையில ஆயுசுக்கும் நிக்கப் போறாளே, அது ஆபத்து இல்லியா?"

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

அஞ்சலாட்சி ஒரு அடி முன்னால் வந்தாள். தெருவில் கூவுகிற குரல் இல்லை அது. பக்கத்து வீட்டுக்காரியிடம் உப்பு கேட்கிற குரல்.

"அன்னிக்கு உங்களுக்கு எலை போட்டது நான்தான் மாமா. எலையில இன்னா வெச்சேன்னு சொல்லட்டுமா?"

ஜானகிராமனின் கை மீசையிலேயே நின்றது. அன்று இலையில் இருந்தது சுறாப்புட்டு. அஞ்சலாட்சியின் அம்மா பூண்டு நிறையத் தட்டிப் போட்டுச் செய்தது. மஞ்சள் துணி கட்டிய கையோடு அவர் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். அதை அவர் இந்த முப்பது வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. அவளும் இன்றுவரை சொன்னதில்லை. இப்போதும் அவள் சொல்லவில்லை, பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"பழைய கதைய எதுக்கு இப்ப," என்றார் நாட்டார். மீசையிலிருந்து கையை எடுத்தார். "போயிட்டுப் பொழுது சாயறதுக்குள்ள வாசல்ல வந்து எறங்கணும். எறங்கலன்னா குடும்பத்தோட பஞ்சாயத்துல நிக்கணும்."

"நிக்கறோம்," என்று முதல் ஆளாகச் சொன்னது துர்கா.

வெள்ளிக்கிழமை விடியும்போது படகின் பின்னால் மாட்டுகிற எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு பலராமன் வாசலில் நின்றார். அவர் வருவார் என்று மனைவிக்கே நம்பிக்கை இல்லை. சின்ன ஃபைபர் படகு. "தடைக்காலத்துல எங்க போற?" என்று கரையில் ஒருவன் கேட்டான்.

"வலை இல்லாம போற படகுக்கு இன்னாடா தடை?" என்றார் பலராமன். அவர் வாழ்க்கையில் பேசிய நீளமான எதிர்ப்பேச்சு அதுதான்.

தெற்குக் காற்று முதுகில் தள்ளியது. வலது பக்கம் சூரியன் எழும்பியது, இடது பக்கம் கருங்கல் சுவர் முடிந்து தென்னந்தோப்புகள் வந்தன. துர்கா பிளாஸ்டிக் பையில் சுற்றிய அனுமதிச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு, வாய்க்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். தூக்கில் கொண்டுவந்த கேழ்வரகுக் கூழை ஆளுக்கு ஒரு மடக்காகக் குடித்தார்கள்.

"சீட்டு கெடச்சா இன்னா படிப்பே?" என்று பலராமன் கேட்டார். இரண்டு வருஷமாக வீட்டில் நடக்கிற பேச்சுக்கு அவர் கேட்ட முதல் கேள்வி.

"மண்ணையும் பாறையையும் பத்திப்பா. நம்ம ஊர் மணலு எங்க போச்சுன்னு கண்டுபிடிக்கணும்."

பலராமன் கரையைப் பார்த்தார். "எனக்கும் தெரிஞ்சிக்கணும்," என்றார்.

காலாப்பட்டில் அலை உடைகிற இடத்தில் படகை நிறுத்த முடியவில்லை. அம்மாவும் மகளும் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து, பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கரையேறினார்கள். கல்லூரி வாசலில் அப்போதுதான் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். இவர்கள்தான் முதல் ஆள். பெற்றோர்களைக் கம்பி வேலிக்கு வெளியே நிறுத்தினார்கள்.

சோதனைக்கு நின்ற பெண் துர்காவை மேலும் கீழும் பார்த்தாள். ஈரப் பாவாடை, வெறுங்கால், கையில் மஞ்சள் துணி.

"இது என்ன? கழட்டு."

"காப்பு மேடம். கழட்டக் கூடாது."

"அதெல்லாம் உள்ள விட மாட்டாங்க. கத்திரிக்கோல் இருக்கு, இப்படி நீட்டு."

வேலிக்கு வெளியே அஞ்சலாட்சிக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மகள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அஞ்சலாட்சி வாயை மூடிக்கொண்டாள். அவள் பிறந்ததிலிருந்து யாரும் அவளை அப்படி அடக்கியதில்லை.

"வழக்கத்துக்காகக் கட்டியிருக்கறவங்க முன்கூட்டியே வந்து தனியா சோதனைக்கு நிக்கணும்னு உங்க விதியிலயே போட்டிருக்கு மேடம். அதுக்குத்தான் எல்லாருக்கும் முன்னாடி வந்திருக்கேன். எவ்ளோ நேரம் வேணும்னாலும் சோதிங்க. வெட்டக் கூடாது."

"வெட்டலன்னா எழுத முடியாது."

"எழுதாம போவ மாட்டேன். உங்க மேலதிகாரியக் கூப்புடுங்க."

அவர் வந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அனுமதிச் சீட்டைப் படித்தார். கருவியைக் காப்பின் மேல் ஓட்டினார்கள். முடிச்சை விரலால் அழுத்திப் பார்த்தார்கள், முகர்ந்துகூடப் பார்த்தார்கள். உள்ளே மஞ்சள் கிழங்கைத் தவிர வேறு என்ன இருக்கும்? பின்னால் பிள்ளைகள் வரிசை வளர்ந்தது. தோட்டைக் கழற்று, கயிற்றை வெட்டு என்று சத்தம். ஒரு பெண் தன் கால் கயிற்றை வெட்டக் கொடுக்கப் போனவள், துர்காவைப் பார்த்துக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "எனக்கும் சோதிங்க மேடம், வெட்டாதீங்க," என்றாள்.

கடைசியில் அவர் கையை அசைத்தார். துர்கா கேட்டுக்கு உள்ளே போனாள். அஞ்சலாட்சிக்கு அழுகை வந்தது. போன வருஷம் வராத அழுகை, இந்த வருஷம் கதவு திறந்ததும் வந்தது.

பரீட்சை முடிந்து திரும்பும்போது காற்று எதிரே. மத்தியானத்துக்கு மேல் தெற்குக் காற்று வலுத்து, அலை படகுக்குள் ஏறியது. எஞ்சின் இரண்டு முறை இருமியது. அஞ்சலாட்சி தகரத்தால் தண்ணீரை இறைத்துக்கொண்டே வந்தாள். இறைக்க இறைக்க ஏறியது. எப்படி எழுதினாய் என்று கேட்கவும் நேரமில்லை. வாசல் தெரிந்தபோது சூரியன் கூரைகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது, பம்பைச் சத்தம் கேட்டது. ஊரே கருங்கல்லின் மேல் ஏறி நின்றது. படகு தரை தட்டியதும் எவனோ விசிலடித்தான்.

பூமிதிக்கிறவர்கள் முதலில் கடலில் முழுகி ஈரத்தோடு வர வேண்டும் என்பது முறை. துர்கா உச்சிமுதல் உள்ளங்கால்வரை நனைந்திருந்தாள். "இவ முழுகத் தேவையில்ல, நேரா வா தாயி," என்றார் பூசாரி. தணல் சிவந்து பரந்து கிடந்தது. வரிசையில் அவள் முறை வந்தபோது குனிந்த தலையோடு ஓடவில்லை. நிமிர்ந்து நடந்தாள். மறுகரையில் பாலூற்றிய குழியில் கால் வைத்ததும் அஞ்சலாட்சி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"சுட்டுதாடி?"

"சுட்டுதும்மா," என்று சிரித்தாள் துர்கா. "அந்தத் துணிக்கடையில நின்னத விடக் கம்மி."

ஆடியில் முடிவு வந்தது. துர்காவுக்குக் காலாப்பட்டில் இடம் கிடைத்தது. அதே வாரம் நாட்டாரும் ஒரு முடிவெடுத்தார். கொத்தனாரை அழைத்துவந்து, படகு இறங்குகிற வாசலோரம் மார்பளவு கருங்கல் ஒன்றை நிறுத்தி, சிமெண்ட் பூசி, மஞ்சள் தடவினார். கிழக்குக் கல். இனிமேல் காப்பு கட்டிய எவளும் கடல் வழியாகவும் போக முடியாது.

துர்கா அதைச் சுற்றி வந்து அடியில் காலால் தட்டிப் பார்த்தாள். "கீழ மண்ணே இல்லம்மா. ஐப்பசி அலைக்குத் தாங்காது."

தடைக்காலம் முடிந்து மீன் வரத் தொடங்கியிருந்தது. மறுநாள் காலை, நாட்டாரும் நான்கு பேரும் கல்லுக்குப் பூ சுற்றிக்கொண்டிருந்தபோது அஞ்சலாட்சி கூடையோடு வந்தாள். கல்லுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கூடையிலிருந்து ஒரு பால்சுறாவை எடுத்துக் கல்லின் தலையில் கிடத்தினாள். கத்தியைக் கல்லிலேயே இரண்டு இழுப்பு இழுத்துத் தீட்டிக்கொண்டு, வயிற்றைக் கிழித்தாள்.

கூட இருந்த ஒருவன் பதறினான். "ஏ அஞ்சலாட்சி, அது எல்லைக் கல்லு! அதுமேல போயி..."

"தெரியும்பா," என்றாள். தலையை நிமிர்த்தவில்லை. "புட்டுக்கு நல்ல மீனு. மாமாவுக்கு வேணுமான்னு கேளு."

ஜானகிராமன் கையிலிருந்த பூச்சரத்தைப் பார்த்தார். பிறகு அதை மெதுவாகப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்துவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தார். முத்தியால்பேட்டையில் கேட்கிற அந்தக் குரலை அஞ்சலாட்சி அவர் முதுகுக்குப் பின்னால் எடுத்துவிட்டாள்.

"மீனே!"